சீனி வேறு, சர்க்கரை வேறு, தேன் வேறு

எங்கள் மார்த்தாண்டத்தில் தேன் இல்லாத வீடு கிடையாது. இருமினால் தேன், சுட்டுக்கொண்டால் தேன். மெலிந்தவன் குண்டாகப் பாலில் தேன், குண்டானவன் மெலிய வெந்நீரில் அதே தேன். நாட்டு வைத்தியர் எந்தச் சூரணத்தை எடுத்துக் கொடுத்தாலும் ‘தேனில் குழைத்து’ என்றுதான் முடிப்பார். என் அப்பாவே ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்துப் பிழைத்தவர். அந்த வீட்டில் பிறந்த நான் இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தேனைப் பற்றிய என் அபிப்பிராயம், தோசைக்கு நன்றாக இருக்கும் என்பதுதான்.

அப்படிப்பட்ட என்னிடம் என் அக்கா தேன் கேட்டாள். அதுவும் திருகோணமலையிலிருந்து, சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். அத்தான் அந்த ஊர்க்காரர். நாகர்கோவிலுக்குப் படிக்க வந்தவர், படிப்பை இங்கேயே விட்டுவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். உப்புவெளியில் தையல்கடை. டெலிபோனில் அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. “அத்தான்ர கால்ல புண், தம்பி. மாறுதில்லை. சீனி வருத்தம். டொக்டர் நல்ல தேன் கேக்கிறா. இஞ்ச நல்ல தேன் இல்லை.”

நீரிழிவுக்காரருக்குத் தேன் கேட்கிற டாக்டர் என்ன டாக்டர் என்று எனக்குக் கோபம். ஆனாலும் இரண்டு பாட்டில் தேன் வாங்கினேன். அதைவிட முக்கியமாக, என் கடையிலிருந்து நல்ல ஆன்டிபயாடிக் மாத்திரைகளாகப் பொறுக்கி ஒரு பெரிய பொட்டலம் கட்டினேன். தேன் அக்காவின் மனதுக்கு, மாத்திரை அத்தானின் காலுக்கு என்பது என் திட்டம்.

கொழும்பிலிருந்து கிளம்பிய பஸ் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எங்களை இறக்கிவிட்டுக் காலியாக முன்னே போய் நின்றுகொண்டது. நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்துபோய் மறுபடி ஏறினோம். மூன்றாவது சாவடியில், பாதித் தூரம் நடக்க வைப்பதால் பாதி டிக்கெட் போதுமே என்று பக்கத்து இருக்கை அம்மாவிடம் சொன்னேன். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. அவர் சிரிக்கவில்லை. “கதைக்காம வாங்க தம்பி” என்றார்.

நான்காவது சாவடியில் என் பை மேசைக்குப் போனது. ஒரு சின்ன வயதுச் சிப்பாய் தேன் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “பெணி?” என்று கேட்டான். நான் இரண்டு வருஷம் பம்பாயில் வேலை பார்த்தவன். ஆகா, இந்தியாக்காரன் என்று தெரிந்து ஹிந்தியில் ‘பானி’யா, தண்ணீரா என்று விசாரிக்கிறானே என்று மனம் குளிர்ந்துவிட்டது. “யெஸ், வாட்டர். ட்ரிங்கிங் வாட்டர்” என்றேன்.

அவன் பாட்டிலைச் சாய்த்தான். என் குடிதண்ணீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிகவும் நிதானமாக நகர்ந்து போனது. அவன் முகம் மாறியது. இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எனக்கும் தங்களுக்கும் இடையில் நல்ல இடைவெளி விட்டார்கள்.

“தேனோ எண்டு கேக்கிறான் தம்பி!” என்று அந்த அம்மா பின்னாலிருந்து பதறினார். “அவங்கட பாசையில தேனுக்குப் பெணி. நீங்க தண்ணி எண்டு சொல்றீங்க!” பிறகு அவரே முன்னால் வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். இவர் இந்தியாவிலிருந்து வந்த முட்டாள் என்கிற பொருளில்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இருவரும் உடனே சிரித்தார்கள்.

ஒரு மூடி நிறைய என்னைக் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். அடுத்து அந்தச் சிப்பாய் ஒரு தீக்குச்சியைத் தேனில் முக்கி எடுத்து உரசினான். பற்றிக்கொண்டது. நல்ல தேன் என்று தலையாட்டினான். இந்தப் பரீட்சை எங்கள் ஊரிலும் உண்டு. இதனால் எதுவும் நிரூபணமாகாது என்று என் கடையில் பலருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு விளக்கவில்லை. அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டி இருமிவிட்டு, கால் பாட்டிலைத் தன் தகரக் கோப்பையில் ஊற்றிக்கொண்டான்.

மாத்திரைப் பொட்டலத்தை மேலதிகாரி பார்த்தார். ஆங்கிலம் பேசினார். “இது எத்தனை பேருக்கு?”

“ஒரு காலுக்கு.”

“ஒரு முகாமில் இருக்கிற எல்லாக் கால்களுக்கும் போதும்” என்றார் அவர். கொழும்பில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால் தருவதாகச் சொல்லி, பொட்டலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இவ்வாறாக நவீன மருத்துவம் நான்காவது சாவடியோடு நின்றுவிட்டது. தேன் மட்டும் என்னோடு பஸ் ஏறியது.

“என்ர வீட்டுக்காரரும் தேன் எடுக்கிறவர்தான்” என்றார் அந்த அம்மா, பஸ் கிளம்பிய பிறகு. “இப்ப காட்டுக்குப் போறேல்லை.” கிண்ணியாவில் தேன்காரர் வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றும் சொன்னார்.

உப்புவெளியில் அத்தான் கதிரையில் உட்கார்ந்து, இன்னொரு கதிரையில் காலை நீட்டியிருந்தார். நாற்காலியை அங்கே கதிரை என்கிறார்கள். “வாரும் மச்சான், வாரும்” என்று எழப் போனவரை அக்கா அதட்டி உட்கார வைத்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அத்தானோ இடியப்பத்துக்குச் சொதி ஊற்றச் சொல்லி எனக்கு உபசாரம் செய்துகொண்டிருந்தார். தேங்காய்ப்பால் சொதியும் சிவந்த சம்பலும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட கவலையும் பத்து நிமிஷத்துக்குத் தள்ளிப் போகும். நான் பதினான்கு இடியப்பம் தின்றேன்.

சாப்பிட்டு முடித்து, கடைக்காரன் தோரணையில் அக்காவிடம் கேட்டேன். “அத்தானுக்குச் சர்க்கரை எப்படி இருக்கு?”

“சர்க்கரை நல்லம் தம்பி. அதில ஒரு குறையும் இல்லை” என்றாள் அக்கா.

சரி, கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. ஒரு கிழவரை எதிர்பார்த்துப் போனேன். டாக்டருக்கு முப்பது வயது இருக்கும், யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண். என் பாட்டிலை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார், மணந்து பார்த்தார், சாவடிச் சிப்பாயைவிட மரியாதையாக.

“நீங்கள் பார்மசிக்காரர் எண்டு அக்கா சொன்னவ. நம்பமாட்டீங்கள் எண்டும் சொன்னவ” என்று சிரித்தார். “இஞ்ச வாற மருந்துக்கட்டெல்லாம் முதல்ல வெடிபட்டவைக்குத்தான் போகும். சீனி வருத்தக் கால் கடைசி வரிசை. என்ன செய்யுறது, இருக்கிறதை வச்சுத்தானே பாக்கவேணும்.”

பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். தேன் புண்ணில் இருக்கிற நீரை இழுத்துவிடும், நீர் இல்லாமல் கிருமி பெருகாது. தேனீ அதில் சேர்க்கிற ஏதோ ஒன்று, புண்ணின் ஈரம் பட்டதும், நாம் காயம் கழுவுகிற பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். கட்டு சதையோடு ஒட்டாது, பிரிக்கும்போது வலி குறைவு. தேனைக் காய்ச்சினால் பாதிக் குணம் போய்விடும். வெளிநாடுகளில் இதையே கிருமி நீக்கிக் குழாயில் அடைத்து விற்கிறார்கள். “மந்திரமில்லை. காலுக்கு இரத்தம் போகாட்டி ஒண்டும் வேலை செய்யாது. இவருக்கு இன்னும் போகுது. அதுதான் பாக்கிறன்.”

அத்தானைக் கட்டுப்போட அனுப்பிவிட்டு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். சதை சிவப்பா வந்தா ரெண்டு விரலோட நிப்பாட்டலாம். இல்லாட்டி முழங்காலுக்குக் கீழ எடுக்கவேணும்.”

வெளியே வந்ததும் அக்கா வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். தையல் மெஷினை மிதிக்கக் கால் வேண்டுமே என்று அழுகிறாள் என நினைத்து, கை மெஷின் வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

“மெசின் கிடக்கட்டும் தம்பி. சண்டைக்குள்ள மூண்டு தரம் ஓடியிருக்கிறம். குச்சவெளிப் பக்கம் ஒருக்கா, இறக்கக்கண்டிக்கு ரெண்டு தரம். இஞ்ச கால் இல்லாத மனிசன் எப்பிடி ஓடுறது? என்னை விட்டிட்டு ஓடு எண்டு சொல்லுவார். நான் ஓடமாட்டன். அவ்வளவுதான்.”

எங்கள் ஊரில் கால் நடப்பதற்கு. பஸ்ஸில் இடம் பிடிக்க அவசரமாக ஓடுவோம். வேறு எதற்கும் ஓடியதாக எனக்கு நினைவில்லை. நான் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் தேன்மேல் எனக்கிருந்த அபிப்பிராயம் மாறியது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கீழே போட்டு உடைத்துவிடக் கூடாது என்கிற பயம் வந்தது.

மூன்றாம் நாள் பரியாரி வந்தார். நாட்டு வைத்தியரை அப்படிச் சொல்கிறார்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, புண்ணைக் குனிந்து மணந்தார். இவராவது எண்ணெய் காய்ச்சுவார், மூலிகை அரைப்பார், நான் எதிர்த்துப் பேசலாம் என்று காத்திருந்தேன். “இது என்ர எண்ணெய்க்கு அடங்காது. ஊசியை நேரத்துக்குப் போடுங்கோ. இன்சுலினை விடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி என்கிற டீயைக் குடித்தார். ஆஸ்பத்திரி டாக்டர் தேன் தடவுகிறார், நாட்டு வைத்தியர் ஊசி எழுதிக் கொடுக்கிறார். நடுவில் எனக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை.

தினமும் ஆஸ்பத்திரித் தாதி புண்ணைக் கழுவி, நாங்கள் வீட்டிலிருந்து கொஞ்சமாகக் கொண்டுபோன தேனில் துணி நனைத்து வைத்துக் கட்டினார். நான்காம் நாள் புண்ணின் ஓரத்தில் கோழிக்கொண்டை நிறத்தில் சதை எட்டிப் பார்த்தது. துறைமுகப் பக்கம் கடற்படைப் படகுகள் உறுமிக்கொண்டிருந்தன. நான் அதைக்கூட ரசித்தபடி, அத்தானை ஏற்றிய முச்சக்கர வண்டியில் திரும்பினேன்.

ஐந்தாம் நாள் டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார். “இரத்தத்தில சீனி ஏறிப்போய்க் கிடக்கு. என்ன குடுக்கிறீங்கள் இவருக்கு? இப்பிடியெண்டா நான் எவ்வளவு தேன் வச்சாலும் கால் நிக்காது.” அக்கா மேலே பார்த்துச் சத்தியம் செய்தாள். மூன்று மாதமாக வீட்டில் சீனி வாங்குவதே இல்லையாம். அத்தான் மிகவும் வருத்தமான முகத்தோடு கூரையைப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அக்கா முன்னறையில் யாருக்கோ சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அத்தான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பாதிப் பாண், அதாவது ரொட்டி. எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது, அங்கே எல்லா வேளைக்கும் சாப்பாடு. பாணின் மேல் என் தேன். முதல் பாட்டில் காலியாகிப் பக்கத்தில் கிடந்தது. இரண்டாவதும் ஏறக்குறைய அதே கதிதான். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதர் அசையாமல் மென்றுகொண்டிருந்தார்.

“அத்தான்! இது அவ்வளவும் சர்க்கரை!”

“சர்க்கரையோ? இது தேன் மச்சான்.”

“தேன்னாலும் அதுக்குள்ள இருக்கிறது சர்க்கரைதானே!”

“சரி, சர்க்கரை எண்டாத்தான் என்ன? நான் தேத்தண்ணிக்குக் கடிக்கிறதும் சர்க்கரைதானே. சீனிதான் கூடாது எண்டு டொக்டர் சொன்னவ. சீனி தொட்டு மூண்டு மாசம் மச்சான், உம்மட அக்காவைக் கேட்டுப் பாரும்.”

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். “ஓம் தம்பி, சீனியே இல்லை. நல்ல சர்க்கரையாப் பார்த்துத்தான் வாங்கிறனான்” என்று, மேலே இருந்த ஒரு டப்பாவை இறக்கித் திறந்தும் காட்டினாள். உள்ளே கறுப்புக் கறுப்பாக வெல்லக் கட்டிகள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரிலும் கடையில் வாங்குவது சீனிதான். வியாதி என்று வந்தால் மட்டும் அது சர்க்கரையாகிவிடும். இங்கே சர்க்கரை என்றால் வெல்லம், வியாதியின் பெயர் சீனி வருத்தம். வியாதியின் பெயரிலேயே சீனி இருப்பதால், சீனியை விட்டவருக்கு வேறு எதுவும் குற்றமில்லை. அக்கா ஊரைவிட்டுப் போனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வியாதி கிடையாது. அதனால் அந்த வார்த்தையும் அவளோடு கப்பல் ஏறவில்லை. முதல் நாள் நான் இரத்தத்தைப் பற்றி விசாரித்தேன், அவள் வெல்லத்தைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் சுத்தமான தமிழில்தான் பேசினோம்.

“எலே, இத முதல்லயே சொல்லப்பிடாதா!” என்று அக்கா என்மேல் பாய்ந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மார்த்தாண்டம் திரும்பிவிடும். அத்தான் பாணைக் கீழே வைத்தார். “அப்ப தேனுமோ?” என்று கேட்டார். அவர் குரலில் இருந்த துக்கம், கால் போகும் என்று டாக்டர் சொன்னபோதுகூட இல்லை.

டாக்டரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு காலியான பாட்டிலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. கடைத்தெருவில் மூன்று பேர் தேன் விற்றார்கள். மூன்றும் கொதிக்க வைத்த சீனிப் பாகு. அதை விற்றவர்களே, ஆஸ்பத்திரிக்கு என்றதும், “அப்ப இது வேண்டாம் அண்ணை” என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பஸ் அம்மாவின் நினைவு வந்தது.

கிண்ணியாவுக்குப் போகிற வழியில் கடல்கழி குறுக்கிடுகிறது. கரையில் கூட்டம் நின்றது. “பாதை அந்தப் பக்கம் நிக்குது. இப்ப வரும்” என்றார் ஒருவர். பாதையில் நாம் போவோம், பாதை எங்கேயப்பா வரும் என்று விழித்தேன். மிதவைகளின்மேல் பலகை அடித்த பெரிய தட்டு ஒன்று மனிதர்கள், சைக்கிள்கள், ஒரு மாடு சகிதம் மெதுவாக மிதந்து வந்தது. அதற்குப் பெயர்தான் பாதை. ஏறினேன். நடுத்தண்ணீரில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. “பாதை பழுதாப்போச்சு” என்றார்கள், யாரும் கவலைப்படாமல். நான் மட்டும் அத்தானின் காலை நினைத்துக்கொண்டு, வெயிலில், நகராத பாதையில் ஒரு மணி நேரம் நின்றேன்.

தேன்காரர் வீட்டில் அந்த அம்மா என்னைப் பார்த்ததும், “தண்ணிக்காரத் தம்பி!” என்று கூப்பிட்டார். இந்த முறை சிரித்தார். அவருடைய கணவர் என் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரே ஒரு போத்தலைக் கொண்டுவந்தார்.

“ரெண்டு வருசத்துக்கு முந்தி எடுத்தது. இதுதான் கடைசி.”

“காட்டுக்கே போக முடியாதா?”

“போகலாம். தேன் எடுக்கிறதுக்குப் புகை போடோணும். காட்டுக்குள்ள புகையைக் கண்டா ஷெல் வரும்.”

“புகை போடாம எடுத்தா?”

“தேனீ வரும்” என்றார். “ஷெல் எண்டாலும் சில நேரம் தப்பி விழும்.”

அந்தக் கடைசிப் போத்தலை விற்காமல் எதற்காக வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கணவருடைய முழங்கையில் பழைய தீப்புண்ணின் வழவழப்பான தழும்பு இருந்தது, அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். தேன்காரர் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். ஊற்றும்போது கை நின்றது. “அவர் குடிச்சிரமாட்டாரே?” மாட்டார் என்று என் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன்.

அன்றிலிருந்து தேன் அக்காவின் அலமாரிக்குள் போனது, சாவி அவள் இடுப்புக்குப் போனது. வெல்லக் கட்டிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. அத்தான் வெறும் தேத்தண்ணியைக் குடித்து, மாமியார் வீட்டில் அவமானப்பட்ட மருமகன் மாதிரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தார். நான் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அழுவதற்குத் தயாராக இருந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. “விரல் ரெண்டையும் எடுப்பம். கால் நிக்கும்” என்றார் டாக்டர். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் கேட்டேன். “உங்களிடம் இருந்த மாத்திரையா, ஊசியா, தேனா? எது காலைக் காப்பாற்றியது?” ஊருக்குப் போனதும் எல்லோரும் கேட்பார்கள், ஒரு பக்கம் சாயவேண்டுமே. அவர் யோசித்தார். “சர்க்கரையை நிப்பாட்டினதுதான் பெரிய விசயம்” என்றார். “உங்கட சர்க்கரையும், அவரிட சர்க்கரையும்.”

ஊருக்கு வந்து ஆறேழு மாதம் இருக்கும். ரேடியோவின் சண்டைச் செய்திகளில் அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களாகவே கேட்கத் தொடங்கின. அக்கா வீட்டு டெலிபோன் செத்துப்போயிருந்தது. மூன்று நாள் நான் கடையில் உட்கார்ந்து, கேட்ட மருந்து ஒன்று, எடுத்த மருந்து ஒன்று என்று தடுமாறினேன். நான்காம் நாள் மத்தியானம் மணி அடித்தது. அக்காதான். ஏதோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம், நூறு குடும்பம். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

“வீடு?” என்று கேட்டேன்.

“வீட்டை விடு தம்பி.”

“அத்தானை யார் தூக்கிட்டு வந்தாங்க?”

“தூக்கிறதோ?” என்றாள் அக்கா. “அந்த மனிசன் ஓடினது, தம்பி. எனக்கு முன்னால ஓடினது. நில்லுங்கோ, நானும் வாறன், நில்லுங்கோ எண்டு கத்திக்கொண்டு பின்னால ஓடினது நான்தான்.”

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். கடையில் மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் வீட்டை விட்டு ஓடிவிட்டார் என்ற செய்தியைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிறவனிடம் மருந்து வாங்கலாமா என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் எப்போது சிரிப்பை விட்டு அழத் தொடங்கினோம் என்று எனக்குத் தெரியாது.